கெட்டி ஆயிலும் கத்தாத கேட்டும்

அவரை எல்லாரும் மோப்பக்காரர் என்றுதான் சொல்வார்கள். பால் பாக்கெட்டை வெட்டினால் முதலில் மூக்குக்குத்தான் காட்டுவார். மருந்துக்கடையில் மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கடைக்காரரின் முகத்தையும் அதே மாதிரி ஒருமுறை பார்த்துக்கொள்வார். கடவுளே வந்து வரம் கொடுத்தாலும் உன் மாமா மூடியைத் திறந்து காட்டச் சொல்வார் என்று மனைவி தன் தம்பியிடம் சொல்லிச் சிரிப்பாள்.

அந்த மூக்குக்கு ஒரு காரணம் இருந்தது. மீசை அரும்பிய வயதில் லாரி கிளீனராக இருந்தவர், வழியில் ஒருவன் சல்லிசாகத் தந்த டீசலை நம்பி வாங்கி ஊற்றினார். பாதி மண்ணெண்ணெய். ஆளரவமற்ற பொட்டலில் லாரி இருமி இருமி நின்றது. முதலாளி அவரை அங்கேயே இறக்கிவிட்டுப் போனார். வெயிலில் தனியாக நடந்து வந்தபோது ஒரு பாடம் மண்டையில் ஏறி உட்கார்ந்தது. நீர்த்திருந்தால் கலப்படம், கெட்டியாக இருந்தால் சுத்தம். பாலோ, பெயின்டோ, என்ஜின் ஆயிலோ, எதுவானாலும் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே தேய்த்துப் பார்ப்பார். பழைய காரை அப்படித்தான் கெட்டி ஆயில் ஊற்றி ஊற்றி, அது பேரீச்சம்பழக்காரனிடம் போகிற வயது வரை ஓட்டினார்.

இப்போது இருப்பது புது வண்டி. டயாலிசிஸ் செய்துகொள்பவர்களை விடியலில் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும் வேலை. ஒருநாள் தாமதமானால் பொறுத்துக்கொள்வார்கள், மறுபடியும் என்றால் வேறு வண்டி வந்துவிடும். இந்த வயதில் இன்னொரு வேலை தேடும் தெம்பு அவருக்கு இல்லை.

வண்டிக்கு முதல் ஆயில் மாற்றியது மச்சானின் பட்டறையில். மனைவியின் தம்பி, மூன்று தெரு தள்ளித்தான் கடை. மறுநாள் மோப்பக்காரர் என்ஜினில் ஆயில் மட்டம் பார்க்கும் அளவுக்கம்பியை உருவித் தேய்த்துப் பார்த்தார். விரலில் ஒட்டவே இல்லை. பச்சைத் தண்ணி. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று நினைத்துக்கொண்டார். மச்சானிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் திருடன் உஷாராகிவிடுவான் இல்லையா?

ஞாயிறு மதியம் சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்து, அந்த ஆயிலை முழுதும் இறக்கினார். பழைய காருக்கு ஊற்றிய அதே கெட்டி ஆயிலை வாங்கி ஊற்றினார். இறக்கியதைக் கொட்ட மனம் வராமல் ஒரு கேனில் பிடித்து அடுப்படிக்குப் பின்னால் வைத்தார். என்ன செய்கிறீர்கள் என்று மனைவி கேட்டதற்கு, தூசி தட்டுகிறேன் என்றார்.

குளிர்காலம் வந்தது. சாவியைத் திருப்பினால் என்ஜின் எழுப்பிவிட்ட எருமை மாதிரி முனகியது. கிளம்பிய பிறகும் உள்ளே தட் தட் என்று ஏதோ கதவைத் தட்டியது. டாஷ்போர்டில் ஆயில் விளக்கு சிவப்பாக எரிந்து, அணைய யோசித்தது. மோப்பக்காரருக்குச் சந்தேகமே இல்லை. மச்சானின் தண்ணி ஆயில் ஒரே நாளில் என்ஜினைத் தின்றுவிட்டிருக்கிறது. பட்டறைக்கு எதிரே டீ குடிக்கிற சாக்கில் நின்று, யார் எந்த டின்னைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போகிறார்கள் என்று பார்க்க ஆரம்பித்தார்.

ஒரு விடியலில் வண்டி கிளம்பவே இல்லை. கம்பளி சுற்றிக்கொண்டு தன் வீட்டு வாசலில் காத்திருந்த நோயாளி அம்மா ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவருடைய கட்டிலில் வேறு ஆள் படுத்திருந்தார். இன்னொரு தடவை இப்படி ஆனால் வேறு ஏற்பாடு பார்க்கிறோம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். வெயில் ஏறி வண்டி ஒருவழியாகக் கிளம்பியதும் மோப்பக்காரர் நேரே பட்டறைக்கு ஓட்டினார்.

மச்சான் ஆயிலை இறக்கினான். அது மனமில்லாமல் கயிறு மாதிரி இறங்கியது. விரலில் தொட்டுத் தேய்த்தவன் முகம் மாறியது.

"மாமா, இது நான் குடுத்த ஆயில் இல்ல. இந்த வண்டிக்கு இவ்ளோ கெட்டி ஆகாது. குளிர்ல மேல ஏறவே ஏறாது."

பிறகு திரும்பி, எல்லாரும் ஸ்பேனர் என்று கூப்பிடும் மெக்கானிக்கைப் பார்த்தான். பட்டறை தொடங்கின நாளிலிருந்து கூட இருக்கிற மனிதர், வாய் திறக்காத ஆள். ஊற்றியது நான்தான், நீ எடுத்துத் தந்த டின்னிலிருந்துதான் என்றார் ஸ்பேனர்.

"டின்னுல இருந்தது வண்டியில இல்லையே அண்ணே. நடுவுல எங்க போச்சு?"

ஸ்பேனர் கைத்துணியை ஆணியில் மாட்டினார்.

அந்த இடத்தில் ஒரு வாய்ச்சொல் போதும். மோப்பக்காரர் வாயிலிருந்து வந்த சொல் வேறு.

"நல்லா விசாரி, மச்சான்."

சரியான ஆயிலோடு மறுநாள் விடியலில் சாவியைத் திருப்பினார். கிளம்பியதா என்றே தெரியவில்லை. அத்தனை அமைதி. அந்த அமைதியில் உட்கார்ந்திருக்க அவருக்குக் கூசியது. வாழ்க்கையில் முதல்முறையாக அவருடைய சந்தேகம் திரும்பி அவரையே மோந்து பார்த்தது.

சாயங்காலம் மச்சான் வந்தான். அந்த வீட்டு இரும்பு கேட் திறந்தால் தெருவுக்கே தெரியும், அப்படிக் கத்தும். இன்று கத்தவில்லை. மச்சான் அதை இன்னொரு தடவை ஆட்டிப் பார்த்தான். கீலைத் தொட்டு விரலைத் தேய்த்தான். தேன் நிறத்தில் மினுமினுத்தது. ஸ்பேனரை நாளையிலிருந்து வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் மாமா என்று சொல்ல வந்தவன், அக்காவைக் கூப்பிட்டு இது என்ன எண்ணெய் என்று கேட்டான்.

"உங்க மாமா கேன்ல வச்சிருந்தாருடா. தையல் மெஷினுக்கும் அதான் போட்டேன். வெண்ணெய் மாதிரி ஓடுது."

ஜன்னலோரம் நின்ற மோப்பக்காரரை மச்சான் பார்த்தான்.

"தண்ணியா இருந்துச்சு. நான்தான் எறக்கினேன்," என்றார் அவர்.

மச்சான் கத்துவான் என்று எதிர்பார்த்தார். அவன் கத்தவில்லை. "என்கிட்ட சொல்லி என்ன மாமா ஆவப்போகுது? வண்டியை எடுங்க," என்றான்.

ஸ்பேனரின் வீடு ஒரே அறை. மச்சானோடு வாசலில் காலணியைக் கழற்றாமலே நின்று மோப்பக்காரர் எல்லாவற்றையும் சொன்னார். ஸ்பேனர் அவரைப் பார்த்தார். மாத்திரை அட்டையைத் திருப்புகிற பார்வை. மோப்பக்காரருக்கு அது நன்றாகத் தெரிந்த பார்வை.

"என்னைத் திரும்பக் கூப்பிடறதுக்காக இவன் சொல்லச் சொன்னானா?"

இல்லை என்று சொன்னால் யார் நம்புவார்கள்? மோப்பக்காரர் போய், வரும்போது டிக்கியில் வைத்துக் கொண்டுவந்த கேனை எடுத்து வந்து, மூடியைத் திறந்து நீட்டினார். ஸ்பேனர் விரலை நனைத்தார், மோந்தார், அவசரமில்லாமல் தேய்த்தார். அதுவரை மோப்பக்காரர் கேனைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார். கை வலித்தது.

"நாளைக்கு வர்றேன்," என்றார் ஸ்பேனர் மச்சானிடம். பிறகு கேனின் மூடியைத் தானே திருகி மூடினார். "ஆனா இவரு வண்டியை மட்டும் நான் தொட மாட்டேன்."