எச்சில் வாக்கியம்

என் தையல் பெட்டிக்குள் ஐந்து கற்கள் கிடக்கின்றன. நான்கு கற்கள் ரயில் தண்டவாளத்து ஓரம் கொட்டிக் கிடக்கும் ஜல்லியைப் பொறுக்கி வந்து, துவைக்கிற கல்லில் தேய்த்துத் தேய்த்து உருண்டையாக்கியவை. ஐந்தாவது, ராயபுரம் கடற்கரையில் கிடைத்த வெள்ளைக் கூழாங்கல். ஊசி நூல் தேடும்போதெல்லாம் விரலில் தட்டுப்படும். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற கிழவிக்கு அஞ்சாங்கல் எதற்கு என்று வீட்டுக்கு வருகிற பெண்கள் கேட்பார்கள். பேப்பர் பறக்காமல் இருக்க என்று சொல்லி வாயை அடைத்துவிடுவேன். அது பொய். இந்தக் கற்களை வைத்துக்கொண்டுதான் நானும் என் அண்ணியும் இங்கிலீஷ் பேசப் பழகினோம். அந்த இங்கிலீஷ் எனக்கு ஆயுசு முழுக்கச் சோறு போட்டது. அண்ணிக்கு அது என்ன செய்தது என்பதுதான் என்னால் யாரிடமும் சொல்ல முடியாமல் இருந்தது.

அண்ணி காசிமேட்டுப் பெண். அவள் அம்மா கூடையைத் தலையில் தூக்கித் தெருத்தெருவாக மீன் விற்றவள். என் நைனாவுக்குத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் வேலை. அந்தக் கிரேனின் உயரத்தில் இருந்துதான் என் அம்மா சம்பந்தி வீட்டைப் பார்ப்பாள். கல்யாணமான அடுத்த வருஷம் அண்ணன் ரங்கூனுக்குக் கப்பலேறினான். போன சில மாதங்களிலேயே காய்ச்சலில் இறந்துவிட்டதாகத் தகவல் வந்தது. இருபது வயது நிறைவதற்குள் அண்ணி விதவையாகிவிட்டாள். பிள்ளையும் இல்லை. அம்மா அவளை வீட்டை விட்டுப் போகச் சொல்லவில்லை. அவ்வளவு கெட்டவள் அல்ல. ஆனால் அவளுக்குச் சோறு போடும்போது மட்டும் கரண்டி சட்டியில் இடிக்கிற சத்தம் கூடுதலாகக் கேட்டது. அண்ணிக்குக் காது நன்றாகவே கேட்கும்.

அந்தச் சமயத்தில்தான், வீடு வீடாக வந்து வேதம் வாசிக்கிற பைபிள் அம்மா ஒருத்தி அந்தச் சேதியைக் கொண்டுவந்தாள். மிஷன் ஆஸ்பத்திரியில் பெண்களைச் சேர்த்து நர்ஸ் வேலை பழக்குகிறார்கள். தங்க இடம், சாப்பாடு, வெள்ளைச் சேலை எல்லாம் அவர்களே கொடுப்பார்கள். ஆனால் வெள்ளைக்கார டாக்டரம்மா சொல்வது புரிய வேண்டும், திருப்பிப் பதில் பேச வேண்டும். எட்டாவது வரை படித்த என்னைப் பார்த்துத்தான் அவள் சொன்னாள். நாலாவதோடு நின்ற அண்ணி அடுப்படியில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அன்று மாலை கிணற்றடியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தன் உள்ளங்கையை மோந்து பார்த்தாள்.

"எங்கம்மா கை கீதே பாப்பா, புளி போட்டுத் தேச்சாலும் வாசன போவாது. மீன் நாறாத கை ஒண்ணு எனுக்கு வேணும். நானும் வரேன்."

அவளுக்கு வேறு ஆசை எதுவும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. எங்கள் வீட்டில் இருந்தால் கரண்டிச் சத்தம். பிறந்த வீட்டுக்குப் போனால் கூடை. நடுவில் அந்த ஆஸ்பத்திரி வாசல் ஒன்றுதான் இருந்தது.

ஆரம்பத்தில் எதிரெதிரே உட்கார்ந்து பேசிப் பார்த்தோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தால் சிரிப்பு வந்ததே தவிர இங்கிலீஷ் வரவில்லை. கைக்கு ஒரு வேலை கொடுத்தால் வாய் கூச்சத்தை மறந்துவிடும் என்று கண்டுபிடித்தது அண்ணிதான். கற்களைத் தேய்த்து எடுத்து வந்ததும் அவளே. ஒரு நாளைக்கு ஒரு விஷயம் என்று வைத்துக்கொண்டோம். சோறு, மழை, துணி துவைப்பது, கூட்ஸ் ரயில், எதுவானாலும் சரி. அதைப் பற்றி ஒரு வாக்கியம் சொன்னால்தான் கல்லைத் தூக்கிப் போட்டுப் பிடிக்கலாம். வாக்கியம் வராவிட்டால் கல்லைக் கீழே வைத்துவிட வேண்டும், முறை அடுத்தவளுக்குப் போய்விடும். நைனாவின் வேலை முடிந்து சங்கு ஊதுகிற வரைக்கும் ஆட்டம் நடக்கும்.

முதல் வாரத்தில் அண்ணி, நான் சொன்னதையே திருப்பிச் சொல்லிக் கல்லை அள்ளினாள். நான் "ரைஸ் இஸ் ஒயிட்" என்றால் அவளும் "ரைஸ் இஸ் ஒயிட்" என்பாள். விரல் வேகத்தில் அவளை யாரும் மிஞ்ச முடியாது. தோற்றுத் தோற்று எனக்கு ஆத்திரம் வந்தது. அதனால் ஒரு சட்டம் போட்டேன். ஒருத்தி வாயிலிருந்து வந்த வாக்கியம் எச்சில். அன்றைக்கு அடுத்தவள் அதைத் தொடக்கூடாது. மறுநாள் விடிந்தால் எல்லாம் புதுசு. சட்டம் போட்ட நானே பல நாள் அழுகுணி ஆட்டம் ஆடியிருக்கிறேன். அண்ணி ஆடியதில்லை. நான் கவனிக்காத நேரத்தில்கூட, பாதி வாக்கியத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டு, "அய்ய, இது உன் எச்சிலு பாப்பா" என்று தானாகவே கல்லைக் கீழே வைத்துவிடுவாள். எனக்கு அது ஒரு சௌகரியமாக இருந்தது.

ஒரு நாள் மாமியார் என்பதையே விஷயமாக வைத்துக்கொண்டோம். அம்மா பத்தடி தள்ளி உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய கரண்டியைப் பற்றி அண்ணி ஒரு வாக்கியம் சொன்னாள். நான் சிரித்துச் சிரித்துக் கிணற்றுச் சுவரில் சாய்ந்துவிட்டேன். அம்மா முறத்தை நிறுத்தினாள். "இங்கிலீசுல சிரிச்சா எனுக்குத் தெரியாதா? பல்லு இன்னாவோ தமிழ்ப் பல்லுதானே" என்றாள். அன்று ராத்திரி எங்கள் இருவருக்குமே கரண்டி இடித்தது.

ஆனால் மீன் என்று வைத்த நாளில் மட்டும் நான் வாயைத் திறக்கவே முடியாது. அண்ணியிடம் வாக்கியங்கள் வலையில் அள்ளினாற்போல வரும். செவுளைத் தூக்கிப் பார்க்காமல் வாங்குபவள் ஏமாளி. கடல் கலங்கினால் இறால் வரும். மீன் கண்ணை மூடாமல் தூங்கும் என்று, இருந்த நாலு வார்த்தையை வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிடுவாள். ஒருநாள் வெள்ளைக் கல்லைக் கையில் உருட்டியபடி சொன்னாள்: "பேட் ஃபிஷ் லுக்ஸ் டவுன். குட் ஃபிஷ் லுக்ஸ் அட் யூ." கெட்ட மீன் தலையைக் குனிந்துகொள்ளும், நல்ல மீன் உன்னை நேராகப் பார்க்கும். என் எட்டாம் வகுப்புப் புத்தகத்தில் அப்படி ஒரு வாக்கியம் கிடையாது. பொறாமையாக இருந்தது என்று இப்போது சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்ன நாளில் இருவரும் ஒன்றாகவே போனோம். வாசலில் இருந்த ஆயா எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேரா வந்துகீறீங்க? ஒரு கட்டிலுதான் காலி" என்றாள். அதுவரை இருவருக்கும் இடம் கிடைக்கும் என்றுதான் நினைத்திருந்தோம். அண்ணி என் கையை ஒரு தடவை அழுத்தினாள். உள்ளே பெரிய டாக்டரம்மா எங்களை ஒரே பெஞ்சில் உட்கார வைத்தாள். நல்ல மனுஷி, சிரித்த முகம். நான் அவள் பக்கமாக உட்கார்ந்திருந்ததால் என்னை முதலில் கேட்டாள். நீ இருக்கிற இடத்தைப் பற்றி ஏதாவது சொல்.

நான் பசுவைப் பற்றி நெட்டுருப் போட்டு வைத்திருந்தேன். நாங்கள் இருக்கிற ராயபுரத்தைப் பற்றி என்ன சொல்வது? ஸ்டேஷன் இருக்கிறது என்றேன். கடல் இருக்கிறது என்றேன். கடலில் மீன் இருக்கிறது என்றேன். அவ்வளவுதான், அண்ணியின் வாக்கியங்கள் ஒவ்வொன்றாக என் வாயிலிருந்து வர ஆரம்பித்தன. செவுள் வந்தது, இறால் வந்தது, மூடாத கண் வந்தது. குட் ஃபிஷ் லுக்ஸ் அட் யூ என்றதும் டாக்டரம்மா மேஜையைத் தட்டிச் சிரித்தாள். இதெல்லாம் உனக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டாள். அந்தச் சிரிப்பில் எனக்குத் தலைகால் புரியவில்லை. "மை மதர் செல்ஸ் ஃபிஷ்" என்றேன். கிரேன் உயரத்தில் இருந்து பார்க்கும் என் அம்மாவை ஒரு நொடியில் மீன்காரியாக்கிவிட்டு, அண்ணியின் அம்மாவை நான் எடுத்துக்கொண்டேன்.

பிறகு டாக்டரம்மா அண்ணியின் பக்கம் திரும்பினாள். சுலபமான கேள்வியாகத்தான் கேட்டாள். உன் அம்மா என்ன செய்கிறாள்?

அண்ணி வாயைத் திறந்தாள், நாக்கைக் கடித்துக்கொண்டாள். மடியில் இருந்த அவள் விரல்கள் கல்லை உருட்டுவதுபோல அசைந்தன. என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "ஷி டோல்ட், மேடம்" என்றாள். இவள் சொல்லிவிட்டாள், டாக்டரம்மா. டாக்டரம்மாவுக்கு விளங்கவில்லை. கேள்வி புரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, நிறுத்தி நிதானமாக இன்னொரு முறை கேட்டாள். அண்ணி மறுபடியும், "ஷி டோல்ட், மேடம்" என்றாள்.

அந்த அறையில் ஒரே ஒரு வாக்கியம் தேவையாக இருந்தது. நான் சொன்னதெல்லாம் இவளுடையது, மீன் விற்பது இவள் அம்மாதான். அதைச் சொல்ல என்னிடம் இங்கிலீஷ் இருந்தது. வாசலில் ஆயா சொன்ன ஒற்றைக் கட்டிலும் என் ஞாபகத்தில் இருந்தது. நான் மேஜைமேல் இருந்த மைக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டாக்டரம்மா அண்ணியின் தோளைத் தட்டி, இன்னும் கொஞ்சம் பழகிக்கொண்டு அடுத்த வருஷம் வா என்றாள்.

திரும்பி வரும்போது வழியெல்லாம் அண்ணிதான் பேசினாள். "உனுக்குக் கெடச்சுதே, அது போதும் பாப்பா." நான் கிளம்பிய வாரமே அவளும் காசிமேட்டுக்குப் போய்விட்டாள். அவள் அம்மாவுக்குக் கால் வீங்கிக் கூடை தூக்க முடியாமல் போனது. அடுத்த வருஷம் என்பது வரவே இல்லை. என் துணி மூட்டைக்குள் கற்களை முடிந்து வைத்திருந்தாள். ஆஸ்பத்திரியில் போய்த்தான் பார்த்தேன்.

சில வருஷம் கழித்து ஒரு நாள் வேலை முடிந்து வெள்ளைச் சேலையோடே, ஸ்டேஷனை ஒட்டிய சட்டைக்காரர்கள் என்று நாங்கள் சொல்லும் ஆங்கிலோ இந்தியர்கள் குடியிருப்பில் என்னோடு வேலை செய்தவள் வீட்டுக்குப் போயிருந்தேன். பக்கத்து வீட்டுப் பின்வாசலில் யாரோ மளமளவென்று இங்கிலீஷ் பேசிக்கொண்டிருந்தார்கள். என்னைவிட நன்றாக, தயக்கமே இல்லாமல். பிறகு அந்த வாக்கியம் கேட்டது. குட் ஃபிஷ் லுக்ஸ் அட் யூ. வீட்டுக்காரம்மா வாய்விட்டுச் சிரித்தாள். டாக்டரம்மா சிரித்த அதே சிரிப்பு. எனக்கு ஒரு வாழ்க்கையைக் கொடுத்த சிரிப்பு அண்ணிக்கு ஒரு வவ்வால் மீனை விற்றுக்கொடுத்தது.

வேலியைத் தாண்டி ஓடினேன். அவள் கையைப் பிடிக்கப் போனபோது சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டாள். "தொடாத பாப்பா. வெள்ளச் சீல, நாறிடும்."

அதுவரை கேட்க தைரியம் இல்லாததை அங்கேயே கேட்டேன். "அன்னிக்கி ஏன் அண்ணி பேசாம இருந்த? உன் அம்மாதானே அது?"

"நீ சொல்லிட்டியே. அப்பால நான் சொன்னா எச்சிலுதானே."

"அது ஆட்டம் இல்லியே அண்ணி."

கூடையைத் தலைக்குத் தூக்கிக்கொண்டிருந்தவள் அதை மறுபடி கீழே இறக்கினாள். குத்திக்காட்டுகிற குணம் அவளுக்குக் கிடையாது. உண்மையிலேயே யோசித்துவிட்டுத்தான் சொன்னாள்.

"ஆட்டம் இல்லன்னு எனுக்கு யாரு சொன்னாங்க?"

அவளுக்கு இங்கிலீஷ் என்றாலே கிணற்றடியும் ஐந்து கல்லும் நானும்தான். அந்த மூன்றும் இல்லாத இங்கிலீஷ் ஒன்று இருக்கிறது, அங்கே என் சட்டம் செல்லாது என்று அந்த அறையில் அவளுக்குச் சொல்லக்கூடியவள் ஒருத்திதான் இருந்தாள். அந்த ஒருத்தி மைக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அண்ணி இறந்துபோய்ப் பல காலம் ஆகிறது. எத்தனையோ நோயாளிகளுக்கு, எத்தனையோ டாக்டர்களுக்கு நடுவில் நின்று தமிழை இங்கிலீஷாகவும் இங்கிலீஷைத் தமிழாகவும் சொல்லியிருக்கிறேன். சொல்லாமல் விட்ட அந்த ஒன்றுக்கு அதெல்லாம் ஈடாகவில்லை. இன்று காலை பொத்தான் தைக்க உட்கார்ந்தபோது வெள்ளைக் கல் கையோடு வந்தது. வீட்டில் வேறு யாரும் இல்லை. மீன் என்று விஷயம் வைத்துக்கொண்டு, கல்லைத் தூக்கிப் போடுவதற்காக ஒரு வாக்கியம் யோசித்தேன். ஒவ்வொன்றாக வந்தன. எல்லாம் அவள் சொன்னவை. எனக்கென்று ஒன்று வருகிறதா என்று வெகுநேரம் காத்திருந்துவிட்டு, கல்லைக் கீழே வைத்துவிட்டேன்.