பிஷ்டு துடைத்த சிவப்பு

நான் மூன்றாம் வகுப்பைக்கூடத் தாண்டாதவன். ஆனாலும் கல்கத்தாவில் எந்த மதத்துக்காரர் செத்தாலும் கல்லுக்கு என் கடைக்குத்தான் வரவேண்டும் என்று ஆக்கிக் காட்டினேன். சிலுவை, பிறை, ஓம், யூதர்களின் ஆறுமுனை நட்சத்திரம், சீன எழுத்து, எல்லாம் என் உளிக்குப் பழக்கம். அந்தக் கர்வத்தில்தான் பிஷ்டுவுக்குச் சொல்ல வேண்டிய ஒன்றைச் சொல்லாமல் விட்டேன்.

பிஷ்டு ஹல்தார் என் கடையில் கல்லெழுத்துக்குச் சாயம் தீட்டுகிறவன். அப்பன் படகோடு ஆற்றில் மூழ்கிப் போனபோது அவனுக்கு ஐந்து வயது. ஊர்ப் பெண்கள் கூடி அம்மாவின் வகிட்டுக் குங்குமத்தைத் துடைத்ததைக் கதவோரம் நின்று பார்த்தவன்.

தாங்க்ரா பகுதியில் தோல் பதனிட்டு வந்த சீனர் லியாங் இறந்தார். அவர்கள் வழக்கப்படி புருஷன், பெண்டாட்டி இருவர் பெயரையும் ஒரே கல்லில் வெட்டிவிட வேண்டும். போனவர் பெயருக்குப் பொன் நிறம், இருப்பவர் பெயருக்குச் சிவப்பு. சிவப்பு என்றால் உயிர். நானே வெட்டி நானே தீட்டினேன். ஏப்ரலில் சொந்தக்காரர்கள் படையல் வைக்க வருவதற்கு முதல் நாள், கல்லைக் கழுவிவிட்டு வரும்படி பிஷ்டுவை அனுப்பினேன். எது யார் பெயர் என்று கேட்டான். வலது பக்கம் அவர், இடது பக்கம் அந்தம்மா என்றேன். அதோடு நிறுத்திக்கொண்டேன்.

சாயங்காலம் பெருமையாக வந்து நின்றான்.

"நீங்களே ஒண்ண மறந்துட்டீங்க பாபு. புருஷன் போயாச்சு, அந்தம்மா பேர்ல இன்னும் செவப்பு இருந்துச்சு. மண்ணெண்ணெய் போட்டுத் தொடச்சு பொன் கலர் குடுத்துட்டேன்."

"அடப்பாவி, உசுரோட இருக்கறவளக் கொன்னுட்டியேடா" என்று சொல்லிவிட்டேன். அந்த வார்த்தையை நான் விட்டிருக்கக் கூடாது.

விடிந்ததும் சிவப்பு டப்பாவோடு ஓடினோம். குடும்பம் எங்களுக்கு முன்பே வந்துவிட்டது. லியாங்கின் மனைவியை நாங்கள் தீதி, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவோம். பன்றி வறுவல் தட்டைக் கீழே வைத்துவிட்டுத் தன் பெயரை விரலால் தடவிக்கொண்டிருந்தார். மகன்கள் என்னைத் திட்டித் தீர்த்தார்கள். பிஷ்டு தீதியின் காலில் விழுந்தான்.

"எந்திரிடா. நேத்து கனவுல அவரு நாற்காலியப் போட்டு உக்காருன்னாரு. ஏன்னு இப்பத்தான் தெரியுது" என்றார் தீதி, சிரித்துக்கொண்டே. வேறு யாரும் சிரிக்கவில்லை.

அப்போதே பிஷ்டு சிவப்பைத் தீட்டிவிட்டான். மனசு மட்டும் ஆறவில்லை. தினமும் காலையில் தீதி வீட்டு வாசலில் நின்று, சாப்பிட்டாச்சா என்று கேட்பான். இன்னும் சாகலடா, போய் வேலையைப் பார் என்று உள்ளேயிருந்து குரல் வரும். அதைக் கேட்டால்தான் தூரிகையைத் தொடுவான். அமாவாசைக்கு அமாவாசை கல்லறைக்குப் போய் அந்தப் பெயருக்கு இன்னொரு பூச்சு சிவப்புக் கொடுப்பான்.

ஒன்பது வருஷம் இப்படிப் போனது. ஒரு மழைக்காலத்துக் காலையில் குரல் வரவில்லை.

இனி அம்மாவுக்கும் பொன் நிறம் வேண்டும் என்று மகன்கள் வந்தார்கள். பிஷ்டு கையைக் கட்டிக்கொண்டான்.

"ஒரு தடவ தொடச்சிட்டேன் பாபு. இன்னொரு தடவ எனக்குக் கை வராது."

நானே போனேன். மண்ணெண்ணெய், கம்பி பிரஷ், சின்ன உளி, எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தேன். எல்லா மதத்துக் கல்லையும் வெட்டிய கைக்கு அந்தச் சாயம் வசப்படவில்லை. பொன்னைப் பூசிவிட்டு வந்தால், அடுத்த மழையில் எழுத்தின் ஓரங்களில் சிவப்பு கசிந்து நிற்கிறது. மூன்று தடவை பூசியாகிவிட்டது.

பிஷ்டு இன்றைக்கும் அந்தப் பூட்டிய வீட்டு வாசலில் நிற்கிறான். சாப்பிட்டாச்சா என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருக்கிறான். பிறகு தலையாட்டிக்கொண்டு கடைக்கு வந்து தூரிகையை எடுக்கிறான். என்ன பதில் வந்தது என்று நான் கேட்டதில்லை.