வாதமேடையில் என் மொட்டைத் தலை

மழித்த தலையில் பூசிய சந்தனம் காயக் காயத் தோலை இறுக்கிப் பிடிக்கும். காற்றுப் பட்டால் உச்சந்தலை சிலீரென்று இருக்கும். எனக்கு அப்போது ஏழு வயது. இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கமெல்லாம் சாலை மறியல் நடந்த வருஷம் அது. எலவனாசூர்கோட்டையை ஒட்டிய எங்கள் ஊர்ச் சாலையில் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் வேலை பார்த்த அப்பாவால் ஒரு வாரத்துக்கு மேல் வீடு திரும்ப முடியவில்லை.

அந்த வாரத்தில்தான் எனக்குக் காய்ச்சல் கண்டது. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குப் போக பஸ் இல்லை. மூன்றாம் நாள் நான் ஆள் தெரியாமல் பிதற்றியதும், அம்மா மாரியம்மனுக்கு முடியிறக்குவதாக வேண்டிக்கொண்டாள். மறுநாள் காய்ச்சல் இறங்கியது. நான் எழுந்து நடந்ததுமே, "சாமி காரியத்த தள்ளிப் போடக் கூடாது" என்று கோயிலுக்கு அழைத்துப் போனாள். மடியில் உட்காரவைத்துக்கொள்ள வேண்டிய மாமாவும் மறியலால் வர முடியவில்லை. கோயிலில் பதிகம் பாடிக்கொண்டிருந்த சிவலிங்கம் வாத்தியார்தான், நான் அழ அழ, என்னைத் தம் மடியில் வைத்துத் தலையை ஆடாமல் பிடித்துக்கொண்டார்.

அப்பாவுக்குச் சாமி கிடையாது. ஊர் முச்சந்தியில் வருஷம் ஒருமுறை அவரும் வாத்தியாரும் எதிரெதிராக நாற்காலி போட்டு உட்கார்ந்து, கடவுள் உண்டா இல்லையா என்று வாதம் செய்வார்கள். வேப்பமரத்தில் ஒலிபெருக்கிக் "கொழாய்" கட்டியிருக்கும். "பொய் பேசாதவனுக்கு சாமி எதுக்கு?" என்று அப்பா கேட்டால் கைதட்டல் அடங்க நேரமாகும்.

மறியல் ஓய்ந்து வீடு வந்த அப்பா என் தலையைப் பார்த்தார்.

"யாரக் கேட்டு செஞ்ச?"

"நீங்க இங்க இருந்தா ஒங்களத்தான் கேட்டிருப்பேன்" என்றாள் அம்மா.

அதன்பிறகு நான்கு நாள் இருவருக்கும் பேச்சு இல்லை. ஐந்தாம் நாள் சாயங்காலம் முச்சந்தியில் அந்த வருஷத்து வாதக் கூட்டம். அம்மா வரவில்லை. நான் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு முன்வரிசை மண்ணில் உட்கார்ந்திருந்தேன்.

அப்பா பேசிக்கொண்டிருக்கும்போதே கூட்டத்திலிருந்து ஒருவர் எழுந்தார். "சாமி இல்லன்றீங்க. ஒங்க பொண்ணு தலையில முடி எங்கீங்க?"

பின்னாலிருந்து யாரோ என் துண்டை உருவினார்கள். முச்சந்தியே சிரித்தது. "சொந்த வூட்லயே சொல்லு எடுபடல போல!" என்றது இன்னொரு குரல்.

அப்பா என்னைப் பார்த்தார். தனக்குத் தெரியாமல் நடந்தது என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவர் கொள்கைக்கு ஒன்றும் ஆகாது. அம்மா பேர்தான் ஊர் வாயில் விழும்.

"தெரிஞ்சிதான் நடந்தது" என்றார். "நாந்தான் கூட்டிகினு போயி ஒக்கார வெச்சேன்."

சிரிப்பு இன்னும் கூடியது. அது பொய் என்று எனக்குத் தெரியும். என்னை மடியில் வைத்திருந்த வாத்தியாருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மைக்கை இழுத்தார்.

"கொழந்தைய இதுல இழுக்காதீங்க. இன்னா பேச வந்தமோ அத பேசலாம்."

அப்புறம் ஒரு மணி நேரம் இருவரும் கொஞ்சமும் விட்டுக்கொடுக்காமல் மோதிக்கொண்டார்கள்.

குழாய் வழியே எல்லாம் அம்மாவுக்குக் கேட்டிருந்தது. சோறு போடும்போது கேட்டாள். "எதுக்குங்க அப்பிடி சொன்னீங்க?"

"பின்ன, அத்தினி பேரு முன்னால ஒன்ன நிக்க வெக்க சொல்றியா?" என்ற அப்பா, "ரசம் ஊத்து" என்றார்.

இப்போது அந்த முச்சந்தியில் வேப்பமரமும் இல்லை, வாதமும் இல்லை. முகம் தெரியாதவர்கள் போனில் திட்டிக்கொள்கிறார்கள். அப்பா போன வருஷம் தவறினார். சடங்கு எதுவும் கூடாது என்பது அவர் விருப்பம். உறவுக்காரர்கள் கேட்கவில்லை, கொள்ளிச்சட்டியோடு வந்துவிட்டார்கள். எண்பதைத் தாண்டிய வாத்தியார், நெற்றி நிறைய விபூதியோடு கோலூன்றி வந்து வாசலை மறித்து நின்றார்.

"அவரு வேணான்னுட்டாருங்க. வேணாம்."

"சாமி கும்பிடற நீங்களே இப்பிடி சொல்லலாமா?"

அவர் நகராமல் நின்றதில் கொள்ளிச்சட்டி வாசலோடு திரும்பியது. சுற்றுவட்டாரத்தில் எந்தச் சாவு வீட்டுக்குப் போனாலும் பதிகம் பாடுகிறவர், அன்று அப்பாவின் காலடியில் உட்கார்ந்து, நாங்கள் தூக்கும்வரை வாயே திறக்கவில்லை.