அண்ணாந்தானின் இடது கை விரல்

அண்ணாந்தான் என்கிற பேரை நான் முதன்முதலாகக் கேட்டது என் அண்ணன் மகனுக்குக் கல்யாணம் முடிவான வாரத்தில். பெண் வீட்டுக்குப் போயிருந்தோம். அப்பா அம்மா இல்லாத வீடு; அக்கா, தம்பி இரண்டே பேர். தம்பி எங்கே காணோம் என்று என் அண்ணன் கேட்டார். "அண்ணாந்தானா? மாடியில இருப்பான்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டு, பெண் நாக்கைக் கடித்துக்கொண்டாள். நாங்கள் எல்லாரும் சிரித்துவிட்டோம். அன்றைக்கே அந்தப் பேர் எங்கள் வீட்டிலும் ஒட்டிக்கொண்டது. பள்ளிக்கூடத்துச் சான்றிதழில் அவனுக்கு வேறு ஒரு நல்ல பேர் இருக்கிறதாம். எனக்கு இன்றுவரை தெரியாது.

சின்ன வயதில் அவன் தரையைப் பார்த்து நடந்ததே இல்லையாம். ஆகாயத்தில் எது போனாலும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடப்பான். இரண்டு தடவை சாக்கடையில் விழுந்திருக்கிறான். ஒரு தடவை விளக்குக் கம்பத்தில் முட்டி நெற்றியில் நாலு தையல். அன்று அவன் மாடியிலிருந்து இறங்கி வந்தபோது அந்தத் தழும்பைத்தான் நான் முதலில் பார்த்தேன்.

உறவு முறையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். என் அண்ணன் மகனுக்கு நான் அத்தை. அவனைக் கட்டிக்கொண்டவளுக்கும் அவள் தம்பி அண்ணாந்தானுக்கும் சித்தி முறை. அண்ணாந்தான் தன் அக்கா புருஷனை மாமா என்பான். அவன் இவனை மாப்பிள்ளை என்பான். மாமன் மச்சினன் என்றால் கொஞ்சம் உரசல் இருக்கத்தானே செய்யும். இவர்களிடம் அது கிடையாது. நகமும் சதையும் போல இருந்தார்கள்.

என் அண்ணன் மகனுக்கு ஆற்றங்கரை மோட்டார் அறையில் வேலை. ஊருக்குக் குடிதண்ணீர் ஏற்றுகிற மோட்டார். அண்ணாந்தானுக்கு ஒரு போட்டோ ஸ்டூடியோவில் வேலை. முதலில் ஆல்பம் ஒட்டினான், பிறகு கேமரா பிடித்தான். ட்ரோன் வந்ததும் ஸ்டூடியோ முதலாளி ஒன்று வாங்கி இவன் கையில் கொடுத்தார். பிறவிக் குருடனுக்குக் கண் கிடைத்த மாதிரி ஆகிவிட்டது அவனுக்கு. கல்யாணம், புது வீடு, விற்பனைக்கு வந்த நிலம், ஹோட்டல் விளம்பரம் என்று எங்கே பார்த்தாலும் அவன்தான் பறக்கவிட்டான்.

அந்த வேலையில் ஒரு சூட்சுமம் உண்டு. எனக்கு அவனே காட்டியிருக்கிறான். ரிமோட்டில் இரண்டு குச்சி. ட்ரோன் போவதும் வருவதும் அவற்றில். இடது கை ஆள்காட்டி விரல் படுகிற இடத்தில் ஒரு சின்னச் சக்கரம். அதை உருட்டினால் கேமரா மேலும் கீழும் திரும்பும். பறக்க ஆரம்பிக்கும்போது கேமரா தரையைப் பார்த்துக் குனிந்திருக்க வேண்டும். போகப் போக அந்தச் சக்கரத்தை மயிரிழை மயிரிழையாக உருட்டினால் கேமரா நிமிரும். முதலில் தண்ணீர், பிறகு மரம், பிறகு மலை, கடைசியில் திரை விலகினாற்போல ஆகாயம். பார்க்கிறவர்கள் வாயைப் பிளப்பார்கள். எல்லோருக்கும் அந்தக் கடைசி ஆகாயம் வேண்டும். ஆறு வருஷம் அந்த விரல் அந்த ஒரு வேலையைத்தான் செய்தது. ட்ரோன் முன்னால் போனால் விரல் தானாக உருளும். சாப்பிட உட்கார்ந்து பேசும்போதுகூடத் தட்டின் விளிம்பில் அந்த விரல் உருட்டிக்கொண்டே இருக்கும்.

மாமன்காரனுக்கு அந்த ட்ரோன் ஒரு விளையாட்டுச் சாமான். அதற்குக் கொசு என்று பேர் வைத்திருந்தான். எங்கே அதன் ரீங்காரம் கேட்டாலும் வெளியே ஓடிவந்து, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கத்தரிக்கோல் மாதிரி ஆட்டுவான். சரியாக நாலு தடவை. பிறகு, "மாப்பிள்ளை பாத்துட்டான்" என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்துகொள்வான். ஹோட்டல் விளம்பரத்துக்கு ஆற்றை எடுத்தபோது, மோட்டார் அறைக் கூரையில் ஒரு ஆள் கத்தரிக்கோல் போட்டுக்கொண்டு நின்றானாம். மொத்தத்தையும் திரும்ப எடுக்க வேண்டியதாகிவிட்டது. "மாமா, நீங்க சும்மா இருந்தாலே எனக்குப் பாதி வேலை முடிஞ்சிரும்" என்று இவன் தலையில் அடித்துக்கொள்வான். எங்களுக்கெல்லாம் சிரிப்பு.

நாலு வருஷத்துக்கு முன்னால் மேல்மலையில் பெரிய மழை. எங்கள் பக்கம் ஒரு சொட்டு இல்லை, சுள்ளென்று வெயில். அணை நிரம்பி மதகைத் திறந்தார்கள். தண்ணீர் ஏறுகிறது என்று தெரிந்ததும், மோட்டார் அறையில் கரண்டை நிறுத்தப் போனான் என் அண்ணன் மகன். நிறுத்தியும் விட்டான். வெளியே வருவதற்குள் தண்ணீர் வாசலை அடைத்துக்கொண்டது. கரையில் நின்றவர்கள் அவன் ஜன்னல் வழியாக வெளியே வந்ததைப் பார்த்திருக்கிறார்கள். கொஞ்ச தூரம் நீந்தியதையும் பார்த்திருக்கிறார்கள். அப்புறம் தெரியவில்லை.

அந்த அறைக்குக் கீழே ஆறு இரண்டாகப் பிரிகிறது. நடுவில் பெரிய மேடு. வலது பக்கம் ஆழமான ஆறு. இடது பக்கம் நாணல் மண்டிய கிளை. தீயணைப்புக்காரர்களிடம் ஒரே ஒரு ரப்பர் படகு. அந்த வேகத்தில் ஒரு பக்கம் இறங்கிவிட்டால் எதிர்த்து வர முடியாது. கீழே போய்க் கரையேறி, படகை லாரியில் ஏற்றிச் சுற்றி வர இரண்டு மணி நேரம். ஆகவே எந்தப் பக்கம் என்று முதலில் தெரிய வேண்டும். யாரோ அண்ணாந்தானுக்குப் போன் போட்டார்கள். ஒரு கல்யாண வேலையைப் பாதியில் விட்டுவிட்டு ஓடிவந்தான்.

நானும் அவன் அக்காவும் கரையில்தான் நின்றோம். பேட்டரி ஒன்றில்தான் சார்ஜ் இருந்தது, அதுவும் பாதி. வெயிலுக்குத் திரையின் மேல் மாட்டுகிற கறுப்பு மறைப்பை மண்டபத்திலேயே விட்டுவிட்டு வந்திருந்தான். முதலில் வலது பக்கம் போய் வந்தான். பிறகு இடது பக்கம். நாணல் மேலேயே போனான். பேட்டரி தீரப்போகிறது என்று ரிமோட் பீப் பீப் அடிக்க ஆரம்பித்ததும் திருப்பினான். தீயணைப்பு அதிகாரி பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்தார். திரையில் அவருக்குத் தெரிந்தது அவர் முகம்தான், அவ்வளவு வெயில்.

"இடது பக்கம் நிச்சயமா யாரும் இல்லையா?" என்று கேட்டார்.

"இல்ல சார். சுத்தமா பாத்துட்டேன்."

இந்த வார்த்தையை என் காதால் கேட்டேன். படகு வலது பக்கம் இறங்கியது.

மூன்றாம் நாள் உடல் கிடைத்தது. இடது கிளையில், வெகு கீழே, ஒரு பாலத்துத் தூணில். தண்ணீர் எப்படி எப்படியோ இழுத்துக்கொண்டு போயிருக்கும் என்று எல்லாரும் சொன்னோம். யாரும் யாரையும் குறை சொல்லவில்லை. அண்ணாந்தான்தான் முன்னால் நின்று எல்லாக் காரியத்தையும் செய்தான். அவன் அழுததை அன்றைக்கு யாராலும் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

இருபது நாள் கழித்து ஒரு மத்தியானம் லேப்டாப் பையை மாரோடு அணைத்துக்கொண்டு வந்தான். அவன் அக்காவுக்குத் துணையாக நான் அங்கேதான் இருந்தேன். அவள் உள்ளே தைத்துக்கொண்டிருந்தாள். துணி தைப்பதுதான் இனி அவள் பிழைப்பு. அவன் வாசலிலேயே என்னை நிறுத்திவிட்டான். முகத்தில் ஈயாடவில்லை. வேறொரு வேலைக்காக மெமரி கார்டைக் காலி செய்யத் திறந்திருக்கிறான். அழிப்பதற்கு முன் ஒரு தடவை ஓட்டிப் பார்த்திருக்கிறான், ஸ்டூடியோவின் பெரிய திரையில்.

"இருக்காரு சித்தி" என்றான். "நாணலுக்குள்ள ஒரு பழைய கரைச் சுவர் மேல நிக்கிறாரு. பதினோரு நொடி இருக்காரு. அப்புறம் நான் கேமராவ நிமித்திட்டேன்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு அவன் விரலைப் பார்த்தேன். பையின் ஓரத்தில் அது உருட்டிக்கொண்டிருந்தது. ஆள் உயிருக்குப் போராடுகிற இடத்திலும் அது கல்யாணத்துக்குச் செய்கிற வேலையைச் செய்திருக்கிறது. யாரும் உருட்டச் சொல்லவில்லை. மலையையும் ஆகாயத்தையும் அழகாகக் காட்டியிருக்கிறது.

அதை அழித்துவிடு என்றுதான் நான் சொன்னேன். உள்ளே இருக்கிறவளுக்குத் தெரிய வேண்டாம், செத்தவன் எழுந்து வரப்போவதில்லை, உனக்கு இருக்கிற ஒரே உறவையும் கெடுத்துக்கொள்ளாதே என்று கெஞ்சினேன். அவன் கேட்கவில்லை.

"அழிச்சா, ரெண்டாவது தடவையும் நான் அவரப் பாக்கலேன்னு ஆயிரும் சித்தி."

நெருப்பை மடியில் கட்டிக்கொண்டு எத்தனை நாள் நடப்பான்? தையல் மிஷின் மேல் லேப்டாப்பை வைத்தான். அவள் துணியை ஒதுக்கி இடம் கொடுத்தாள். அவள் ஏதோ பழைய கல்யாண வீடியோ என்று நினைத்திருக்க வேண்டும். படம் ஓடியது. கலங்கல் தண்ணீர், நாணல், கீழ் ஓரத்தில் எறும்பு மாதிரி ஒரு நீலச் சட்டை. இரண்டு கை தலைக்கு மேலே போய்க் கத்தரிக்கோலாக ஆடியது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. பிறகு படம் மெல்ல நிமிர்ந்தது. மலை வந்தது. ஆகாயம் வந்தது.

அவள் திருப்பிப் போடச் சொன்னாள். போட்டான். மறுபடியும் சொன்னாள். மூன்றாவது தடவை திரையில் விரலை வைத்தாள்.

"நாலு தடவ ஆட்டிட்டு உட்கார்ந்துட்டாரு பாரு" என்றாள். "நீ பாத்துட்டேன்னு நெனச்சு உட்கார்ந்துட்டாரு."

உண்மைதான். அதற்கு முன் நான் அதைக் கவனிக்கவில்லை. அந்த எறும்பு காலைத் தண்ணீரில் தொங்கப்போட்டுச் சுவரின் மேல் உட்கார்ந்திருந்தது. மச்சினன் ஆள் அனுப்புவான் என்று காத்திருக்கிற உட்கார்வு.

"எத்தன மணிக்கு எடுத்தது?"

"பன்னெண்டு நாப்பது."

"தண்ணி மறுபடி எப்ப ஏறுச்சு?"

"ரெண்டே காலுக்கு இன்னொரு மதகு திறந்தாங்க" என்றான். பொய் சொல்லியிருக்கலாம். அவன் சொல்லவில்லை.

அவள் மனசுக்குள் கணக்குப் போட்டது எனக்குத் தெரிந்தது. ஒன்றரை மணி நேரத்துக்கும் மேலே. படகு இடது பக்கம் இறங்கியிருந்தால் பத்து நிமிஷம்.

அவள் கார்டை மட்டும் கேட்டு வாங்கித் தையல் மிஷின் டிராயரில், நூல்கண்டுகளுக்கு நடுவில் வைத்தாள்.

"உன் மேல கோபம் இல்லடா" என்றாள். "உன் மூஞ்சியப் பாத்தா அவரு கைய ஆட்டுறது தெரியுது. நீ வராத."

அவன் லேப்டாப்பை மூடாமலே தூக்கிக்கொண்டு போனான். பிறகும் நாலைந்து தடவை வந்தான். அவன் செருப்புச் சத்தம் கேட்டாலே அவள் எழுந்து உள்ளே போய்விடுவாள். நான் இரண்டு பேருக்கும் நடுவே எத்தனையோ சமாதானம் பேசிப் பார்த்தேன். ஒன்றும் எடுபடவில்லை. அவளைச் சொல்லி என்ன பயன்? எனக்கே அவன் வாசலில் வந்து நின்றால் கண் முதலில் அந்த விரலுக்குத்தான் போகும். அவனைச் சுமந்தவள் மாதிரி அவனை வளர்த்தவள் அவள். அவளாலேயே முடியவில்லை.

தொழிலும் போயிற்று. ட்ரோனைக் கையில் எடுத்தால் அவனால் கேமராவை நிமிர்த்த முடியவில்லை. அந்த விரலுக்கு இரண்டு சுற்று பிளாஸ்திரி போட்டுக் கட்டிக்கொண்டான். கல்யாணம் முழுக்க நேர்கீழாகவே எடுத்துக் கொடுத்தான். எவரும் விட்டுப் போய்விடக் கூடாது என்று ஒவ்வொரு தலையின் மேலும் நின்று நின்று எடுத்திருந்தான். பெண்ணின் அப்பா வந்து, "வந்தவங்க வழுக்கைய எல்லாம் எண்ணி வெச்சிருக்கியே, முகம் எங்கப்பா?" என்று கேட்டாராம். இதே கேள்வி இரண்டு மூன்று வீட்டில் வந்ததும், ஸ்டூடியோ முதலாளி ட்ரோனை வாங்கி வைத்துக்கொண்டு அனுப்பிவிட்டார். முதலாளி கெட்டவர் இல்லை. அவருக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறது.

அக்கா இன்னும் தைத்துக்கொண்டிருக்கிறாள். கார்டு அதே டிராயரில் இருக்கிறது. நூல் எடுக்கும்போது கையில் படும். தள்ளி வைத்துவிட்டு நூலை எடுப்பாள். அவன் மாதத்தில் ஒருநாள் எனக்குப் போன் செய்கிறான். அக்கா எப்படி இருக்கா என்று கேட்பான். இருக்கா என்பேன். சரி சித்தி என்று வைத்துவிடுவான்.

இப்போது அவன் கல்குவாரிகளை அளந்து கொடுக்கிற ஒரு கம்பெனியில் இருக்கிறான். அங்கே கேமரா எப்போதும் தரையைத்தான் பார்க்கும்; கோடு போட்டுக் கொடுத்தால் ட்ரோன் தானே போய்த் தானே வரும். குவாரி வாசலில் தகரக் கூரை போட்ட ஓர் அறை, ஒரு கட்டில். அங்கேயே சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு தனியாக இருக்கிறான்.