இரண்டாவது இருக்கை

பல்லடத்தில் கோழிப்பண்ணை வைத்திருக்கும் என் மனைவியின் அண்ணன், கோழிகளுக்குத் தீனி போடும் இயந்திரம் பார்க்க வெளிநாட்டுக் கண்காட்சி ஒன்றுக்குப் போய், விமானம் வாங்கிவிட்டு வந்தார். இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானம். தரையிலும் இறங்கும், தண்ணீரிலும் இறங்கும். அடிப்பாகம் படகு மாதிரி இருக்கும். இறக்கைகளை மடக்கிவிட்டால் டிரெய்லரில் வைத்துக் காரில் இழுத்துப் போகலாம். அதைக் காலியாகக் கிடந்த கோழிக்கொட்டகை ஒன்றில் நிறுத்தினார்.

தண்ணீரில் இறங்கும் விமானத்தைப் பல்லடத்தில் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று யாரும் அவரிடம் கேட்கவில்லை. எங்கள் சொந்தபந்தத்தில் அதுதான் மரியாதை. அவர் இல்லாத இடங்களில் மட்டும் கேட்டுக்கொண்டோம்.

மச்சான் வெளியூர் போய் ஓட்டக் கற்று, உரிமமும் வாங்கி வந்தார். விமானத்துக்குத்தான் அனுமதி வரவில்லை. ஓர் அலுவலகத்தில் இது விமானமா, படகா என்று கேட்டார்களாம். "ரெண்டுமேதானுங்க" என்று இவர் பெருமையாகச் சொல்லப்போக, அலைச்சலும் இரண்டானது.

அவர் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். சத்தியமங்கலத்துப் பெண். அக்கா முதல் நாளே சொல்லிவிட்டார். "நான் அதுல ஏற மாட்டனுங்க. ரெண்டு பேரும் போய்ச் சேந்துட்டா பண்ணைய ஆரு பாக்கறது?"

ஆகவே இரண்டாவது இருக்கைக்கு மச்சான் என்னைத் தேர்ந்தெடுத்தார். நான் கோவையில் பம்புசெட் கம்பெனி ஒன்றில் விற்பனைப் பிரிவில் இருக்கிறேன். அந்தக் குடும்பத்தில் என்னைவிட வசதியான மாப்பிள்ளைகள் உண்டு. அவர்களை விட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டதை அலுவலகத்தில் தேவைக்கு அதிகமாகவே சொல்லிக்கொண்டேன்.

அந்த வருஷம் நல்ல மழை. பக்கத்துக் குளம் நிறைந்தது. மச்சானுக்குக் கை துறுதுறுத்தது.

"பறக்கறதுக்குத்தானுங்க மாப்ள அனுமதி. சித்த நேரம் மெதக்கறதுக்கு ஆரு கேக்கப் போறாங்க?"

ஞாயிற்றுக்கிழமை காலையில் டிரெய்லரைப் பண்ணை டிராக்டரில் குளத்துக்கு இழுத்துப் போனோம். பறக்கப் போவதில்லையே என்று மிதவைச் சட்டைகளையும் துடுப்பையும் கொட்டகையிலேயே விட்டுவிட்டோம். கரையில் ஊரே கூடிவிட்டது. தேங்காய் உடைத்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, விமானத்தைத் தண்ணீரில் இறக்கினோம். அது அன்னம் மாதிரி போனது. குளத்தின் நடுவில் மச்சான் எஞ்சினை அணைத்தார். போட்டோவில் நாங்கள் அசையாமல் தெரிய வேண்டும் என்பது அவர் ஆசை.

அசையாமல்தான் நின்றோம். எஞ்சின் மறுபடி உயிர் பெறவில்லை. அவர் திருகிப் பார்த்தார், அமுக்கிப் பார்த்தார், கண்ணை மூடிக் குலதெய்வத்தைக் கூப்பிட்டும் பார்த்தார். காற்று எங்களை மெதுவாக ஆழமான பக்கம் தள்ளியது. கரையில் இருந்தவர்கள் எல்லாம் திட்டப்படி நடப்பதாக நினைத்துக் கையசைத்தார்கள். நாங்களும் அசைத்தோம்.

"மாப்ள, உங்குளுக்கு நீச்சல் தெரியுமுங்கல்ல?" என்றார் மச்சான், பார்வையைத் திருப்பாமல்.

"கெணத்துல அடிச்சிருக்கறனுங்க. உங்குளுக்கு?"

"தெரியாதுங்க. அதுக்குத்தான உங்களக் கூட்டியாந்தேன். சின்னதுல நீங்க நல்லா நீஞ்சுவீங்கன்னு தங்கச்சி சொல்லுச்சு."

அலுவலகத்தில் சொன்னவையெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தன. நீந்திப் போய் உதவி கேட்கலாம் என்று கதவைத் திறந்தேன். அவர் என் சட்டையைப் பிடித்துக்கொண்டார். "என்ன உட்டுப்போட்டுப் போயிராதீங்க" என்றார். ஆயிரக்கணக்கான கோழிகளுக்கு முதலாளியான அந்த மனிதர் சட்டையை விடவே இல்லை. கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தேன்.

அப்போது கரையில் சலசலப்பு. அக்கா புடவையை வரிந்து கட்டிக்கொண்டு, டிராக்டரில் கிடந்த நீளக் கயிற்றின் ஒரு நுனியை இடுப்பில் முடிந்து, தண்ணீரில் இறங்கிவிட்டார். நேராக எங்களை நோக்கி நீந்தி வந்தார். அலட்டலே இல்லை, சந்தைக்கு நடந்து போகிறவர் மாதிரி வந்தார். முன்பக்கத்து வளையத்தில் கயிற்றைக் கட்டிவிட்டு, இறக்கையைப் பிடித்தபடி மூச்சு வாங்கினார். டிராக்டர் மெதுவாக எங்களை இழுத்தது. அக்கா கூடவே நீந்தி வந்தார்.

கரையேறியதும் மச்சான் கேட்டார். "நீச்சல் தெரியும்னு நீ சொல்லவே இல்லியே அம்மணி?"

"பவானிக் கரைல பொறந்தவ. இத்தன வருசத்துல நீங்க ஒருக்காவாச்சும் கேட்டீங்களா?" என்றார் அக்கா, தலையைத் துவட்டிக்கொண்டே.

அடுத்த வாரமே தோட்டத்துக் கிணற்றில் மச்சான் நீச்சல் பழகத் தொடங்கினார். இடுப்பில் காலி கேன், மேலே படிக்கட்டில் அக்காவின் அதட்டல். பார்க்க வர வேண்டாம் என்று அவர் என்னிடம் சொல்லியிருந்தார். ஆனாலும் பண்ணையாட்கள் மூலம் எல்லாம் தெரிந்தது.

பிறகு ஒரு வழியாகப் பறக்க அனுமதி வந்தது. தரையில் இறங்க மட்டும்தான். முதல் தடவை ஓடுதளத்துக்கு டிரெய்லரை இழுத்துப் போனது என் கார். இரண்டாவது இருக்கையில் அக்கா ஏறினார். எவரும் அவரைக் கூப்பிட்டதாகத் தெரியவில்லை, அவராகவே ஏறி பெல்ட்டை மாட்டிக்கொண்டார்.

இறங்கி வந்ததும், மேலிருந்து எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"நம்ம ஊட்டு மாடில தண்ணித் தொட்டி மூடி தொறந்து கெடக்குதுங்க தம்பி" என்றார் அக்கா. "போற வழில போன் போட்டு மூடச் சொல்லோணும்."