அண்ணன் சைக்கிளை வண்டி என்றுதான் சொல்வார்

குமரேசண்ணா, இந்த நினைவு மலரில் உன்னைப் பற்றி எழுதும் வேலையை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். எட்டாவதோடு நின்றவள் என்ன பெரிதாக எழுதிவிடப் போகிறாள் என்ற தைரியத்தில் கொடுத்தார்களோ என்று எனக்குச் சந்தேகம். இருக்கட்டும். நான் எழுதாவிட்டால் வேறு யாராவது தப்பாக எழுதிவிடுவார்கள்.

சொந்தபந்தங்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அண்ணன் சைக்கிளில் அடிபட்டு இறக்கவில்லை. கணபதியில் அவர் வேலை பார்த்த லேத் பட்டறையில், மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்தவர், தலை வலிக்கிறது என்று சொல்லிச் சாய்ந்தார். தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்துவிட்டதாக டாக்டர் சொன்னார். அந்த நேரம் அவர் சைக்கிள், பட்டறை ஷெட்டில் நிழலில் நின்றுகொண்டிருந்தது.

இதை எத்தனை பேர் நம்பினீர்கள்? துக்கம் கேட்க வந்தவர்கள் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டார்கள்.

“ஏனுங்க, எந்த எடத்துலீங்க அடிச்சது?”

“அடிக்கலீங்க. பட்டறையிலதான், சாப்பிட உக்காந்தவரு...”

“அட, சைக்கிள்லதான போவாப்புல? லாரியா, பஸ்ஸா?”

அழுதுகொண்டிருந்த அம்மாவைத் தாண்டிப் போய், சைக்கிள் எங்கே நெளிந்திருக்கிறது என்று தடவிப் பார்த்தவர்களையும் நான் பார்த்தேன். நெளிவு கிடைக்கவில்லை. இந்த வீட்டில் எதையோ மறைக்கிறார்கள் என்று பேசிக்கொண்டே போனார்கள். சைக்கிள் மேல் பழி விழ வேண்டும் என்று இத்தனை பேருக்கு ஏன் ஆசை? பழி விழுந்துவிட்டால், எல்லாரும் சைக்கிளில் போங்கள் என்று அண்ணன் இவ்வளவு நாளாகக் கேட்டதற்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. அதுதான் என்று எனக்குப் படுகிறது.

அண்ணன் பிறந்தது அன்னூர் பக்கம் தோட்டத்தில். போர்வெல்லில் தண்ணீர் நின்றுபோனதும் அப்பா எங்களைத் துடியலூருக்குக் கூட்டி வந்தார். அப்பா காலமானபோது அண்ணன் பத்தாவதுதான் முடித்திருந்தார். அதோடு லேத் வேலைக்குப் போய் அம்மாவையும் என்னையும் காப்பாற்றினார். பிறகு பைக் வாங்கினார். மேட்டுப்பாளையம் ரோட்டில் பாலம் வேலை நடந்த சமயம், பைக்கில் நின்று நின்று போய் அலுத்து, ஒரு நாள் பழைய சைக்கிளை எடுத்தார். பாலம் கட்டி முடித்த பிறகும் அவர் பைக்குக்குத் திரும்பவில்லை. “பட்டறைக்குப் போறப்ப ஆரு மேலயும் கோவமில்லாம போறேன் கண்ணு” என்று என்னிடம் சொன்னார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஏதோ கஷ்டம், வெளியே சொல்ல மாட்டேன் என்கிறார் என்றுதான் நினைத்தேன்.

சைக்கிளை அவர் வண்டி என்றுதான் சொல்வார். நம் பக்கம் வண்டி என்றால் பைக், கொஞ்சம் வசதியான வீடென்றால் கார். பெண் பார்க்கப் போன அன்றும், “நீங்க முன்னால போங்க, நான் வண்டியில வாரேன்” என்று சொல்லிவிட்டார். நாங்கள் போய் அதைச் சொன்னதும் பெண் வீட்டார் கார் நிறுத்த வேண்டுமே என்று வாசலிலிருந்த பூந்தொட்டிகளை எல்லாம் ஒதுக்கி வைத்தார்கள். அண்ணன் பேன்ட் நுனியை ரப்பர் பேண்டால் கட்டிக்கொண்டு, மணியடித்தபடி வந்து இறங்கினார்.

பெண்ணின் அப்பா எங்கள் பெரியப்பாவை ஓரமாகக் கூட்டிப் போனார்.

“பையனுக்குத் தொழில்ல ஏதாச்சும் அடியாங்க? மறைக்காம சொல்லிப்போடுங்க.”

பெரியப்பாவுக்கு முகம் தொங்கிப்போனது. ஆனால் காபி கொண்டுவந்த பெண், இப்போது எங்கள் அண்ணி, கேட்டது வேறு: “எனக்கும் ஓட்டச் சொல்லித் தருவீங்ளா?” கல்யாணத்துக்குப் பிறகு, பெரியப்பாவுக்குத் தெரியாமல், ஸ்கூல் கிரவுண்டில் அண்ணன் சொல்லிக் கொடுத்தார்.

வாரத்தில் ஒரு நாளாவது வேலைக்கும் கடைக்கும் சைக்கிளில் போங்கள் என்று அண்ணன் பட்டறை பட்டறையாகப் போய்க் கேட்டார். “எந்தக் கட்சிங்க நீங்க?” என்றார்கள். “சைக்கிள் கடைக்காரன் கமிசன் தாரானாக்கும்” என்றார்கள். ஒரு கல்யாணத்தில் மண்டபத்து வாட்ச்மேன், “சமையலுக்கு வந்தவங்கெல்லாம் பின்கேட்டுல போங்க” என்று கைகாட்டினார். அண்ணன் கோபப்படாமல் பின்கேட்டில் போனார். சாப்பிட்டுவிட்டு மேனேஜரைப் பிடித்து, சைக்கிள் விட ஒரு ஓரம் கேட்டு வாங்கினார். அடுத்த கல்யாணத்தில் அந்த ஓரத்தில் அண்ணன் சைக்கிள் மட்டும்தான் நின்றது. “சூப்பருங்க தம்பி” என்று தட்டிக்கொடுத்தவர்கள் எல்லாரும் காரில் ஏறிப் போனார்கள்.

கருமாதி முடிந்ததும் பெரியப்பா சொன்னார்: “அந்தச் சைக்கிள இனி ஊட்டுல வெக்காதீங்க. பையனக் கொண்டுட்டுப் போயிருச்சு. இரும்புக்கடைக்காரன வரச் சொல்லிப்போட்டேன்.”

“டாக்டர் சொன்னப்ப நீங்களும் கூட இருந்தீங்களே பெரீப்பா.”

“சும்மாரு கண்ணு. உனக்கென்ன தெரியும்.”

அம்மா அழுதார். அண்ணி வாயே திறக்கவில்லை. இவரும் நம்பிவிட்டாரோ என்று எனக்குச் சந்தேகம் வந்தது.

இரும்புக்கடைக்காரர் வந்த காலையில் சைக்கிளைக் காணோம். அண்ணி மறுபடி தையல் கம்பெனிக்குப் போக ஆரம்பித்ததும் அன்றுதான். கம்பெனி வேனில் போயிருப்பார் என்று நினைத்தோம்.

“எங்க ஒளிச்சு வெச்ச அம்மணி?” என்று பெரியப்பா என்னைப் பிடித்தார்.

“நீங்கதானுங்க ஆள உட்டுத் தூக்கிட்டீங்க!”

“நானா? வாயி ரொம்ப நீளுது உனக்கு.”

இரும்புக்கடைக்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தராசைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். கண்டுபிடிக்காமல் போகமாட்டேன் என்று பெரியப்பா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

சாயங்காலம் தெருமுனையில் மணி கேட்டது. அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்தார், அண்ணன் வரும்போது வருவது போலவே. வந்தது அண்ணி. சீட்டை இறக்கியிருந்தார். சுடிதார் கால்நுனியில் அண்ணனின் ரப்பர் பேண்ட்.

“எங்க போய்ட்டு வார?” என்றார் பெரியப்பா.

“வேலைக்குங்க மாமா.”

“எதுல போன?”

அண்ணி ஒரு காலை ஊன்றி நின்றார். “வண்டியிலதானுங்க போய்ட்டு வாரேன்.”

பெரியப்பா எழுந்துபோய், வாசலை அடைத்து நின்ற தன் பைக்கை நகர்த்தினார். அண்ணி சைக்கிளை உள்ளே தள்ளிக்கொண்டு போனார். பெரியப்பா மனசு மாறிவிட்டதாக எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு இன்னும் சந்தேகம்தான், அவர் ஊருக்குக் கிளம்பும் நேரமும் ஆகியிருந்தது. ஆனால் இரும்புக்கடைக்காரர் அதற்குப் பிறகு வரவில்லை. அண்ணி தினமும் வண்டியில்தான் போகிறார்.

அண்ணனை ஆட்டோவில் மடியில் போட்டுக்கொண்டு ஓடிய பட்டறை அண்ணன்மாருக்கும், எங்கள் வீட்டில் அடுப்பு எரியாத நாட்களில் சோறு கொண்டுவந்த தெருக்காரர்களுக்கும், காரியங்களை எல்லாம் குறையில்லாமல் செய்த பெரியப்பாவுக்கும் எங்கள் நன்றி.

இதைப் படிக்கிற எல்லாரும் அவரவர் சாமியிடம் அண்ணனுக்காக வேண்டிக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். சைக்கிளில் அடிபட்டுப் போன பையன் என்று சொல்லி வேண்டாதீர்கள். வேறு யாரோ என்று சாமி நினைத்துவிடும்.