கால்மாட்டில் இருந்த போர்வை

பிற்பகல் மூன்று இருபது. சாவி அட்டையைக் கதவில் வைத்ததும் பச்சை விளக்கு எரிந்தது. உள்ளே முதலில் கண்ணில் பட்டது, கட்டிலின் கால்மாட்டில் நான்காக மடித்து வைத்திருந்த ஒரு போர்வை. நீலக் கட்டம் போட்டது. பலமுறை துவைத்துச் சாயம் போயிருந்தது. ஓரத்தில் கிழிந்த இடத்தைச் சிவப்பு நூலால் தைத்திருந்தார்கள். நகரத்தின் விலை உயர்ந்த ஹோட்டல்களில் ஒன்றின் ஒன்பதாவது மாடி அது. அந்த வெள்ளைப் படுக்கையின் மேல் அந்தப் போர்வை, சேக்காட்டில் உள்ள பெரியம்மா வீட்டிலிருந்து நேராக வந்து இறங்கியதுபோல் இருந்தது. அப்படித்தான் வந்தும் இருந்தது.

அதை வைத்தவள் என் பெரியம்மா மகள். என்னைவிட நான்கு மாதம் மூத்தவள். அந்த நான்கு மாதத்துக்காக அவளை அக்கா என்றுதான் கூப்பிட வேண்டும் என்று எங்கள் வீட்டில் கட்டாயம். அந்த ஹோட்டலில் அறைகளின் சுத்தத்தையும் ஒழுங்கையும் கவனிக்கும் மேற்பார்வையாளராக இருந்தாள். நான் ஒரு நாளிதழின் வார இணைப்பில் ஹோட்டல்களைப் பற்றி எழுதிவந்தேன். யாரென்று சொல்லாமல் போய், ஓர் இரவு தங்கி, கவனிப்பு எப்படி என்று என் பெயரில் கட்டுரை எழுதுவது என் வேலை.

எங்கள் தாத்தாக்கள் பிறர் வயலில் கூலிக்கு உழைத்தவர்கள். வயல்கள் மனைகளாயின. அப்பாக்கள் இருவரும் அம்பத்தூரில் லேத் பட்டறைகளுக்குப் போனார்கள். எங்கள் வீடு அண்ணனூரில், மின்சார ரயில்கள் ஓய்வெடுக்கும் பணிமனைக்குப் பக்கத்தில். பள்ளி விடுமுறைகளில் சேக்காட்டில் பெரியம்மா வீட்டுக்குப் போவேன். கனமான போர்வை போர்த்தினால் எனக்கு மூச்சு இளைக்கும். அதனால் பெரியம்மா நீலக் கட்டம் போட்ட ஒரு மெல்லிய போர்வை தருவாள். அதற்குள் நானும் அக்காவும் படுப்போம். நான் கல்லூரிக்குப் போனேன். அவள் பிளஸ் டூ முடித்து, கேட்டரிங் டிப்ளமோ படித்து, ஹோட்டலில் படுக்கை விரிக்கப் போனாள். உறவினர்கள் எங்களை ஒப்பிட்டபோது தராசு நெடுநாள் என் பக்கமே சாய்ந்திருந்தது. அதை நான் ரசித்தேன்.

சாய்வு மாறத் தொடங்கியதை முதலில் கவனித்ததும் நான்தான். ஒரு முறை அவளிடம், ஓர் அறையை எப்படிச் சோதிப்பாய் என்று கேட்டேன். அவள் சிரித்தாள். "நின்னுகினு பாத்தா ஒன்னும் தெரியாதுடி. கெஸ்ட்டு எங்கெங்க உக்காருவாரோ அங்கெல்லாம் உக்காரு. படுக்குற எடத்துல படு. அப்பதான் அழுக்கு உன்னப் பாக்கும்." அவள் உண்மையில் அப்படித்தான் செய்வாள். நாற்காலி, கட்டிலின் இரு பக்கம், கழிவறை, எல்லாவற்றிலும் உட்காருவாள். மல்லாந்து படுத்துக் கூரையைப் பார்ப்பாள். அடுத்த கட்டுரையில் நான் அதைச் செய்தேன். மேசையின் அடிவிளிம்பில் ஒட்டியிருந்த சூயிங்கம் பற்றி எழுதினேன். ஆசிரியர் என்னை அழைத்து, "உங்களுக்கு எங்கிருந்து வந்தது இந்தக் கண்?" என்று கேட்டார். பழக்கம்தான் என்றேன். வாசகர் கடிதங்கள் வந்தன. ஒவ்வொரு பாராட்டும் அவளுக்குச் சேர வேண்டியது என்பது எனக்கு மட்டும் தெரியும். அதற்காக அவள் மேல் நன்றி வந்திருக்க வேண்டும். வந்தது எரிச்சல்.

பருத்திப்பட்டில் ஏரிக்கு அருகே நாங்கள் வாங்கிய வீட்டுக்கு முதன்முதலாக வந்தபோது, சோபாவில் உட்கார்ந்த ஒரு நிமிடத்தில் அவள் குனிந்தாள். டிவி மேசைக்கு அடியிலிருந்து காய்ந்த மல்லிகை ஒன்றை எடுத்துத் தன் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள். ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். என் கணவர் சிரித்து, "உன் கட்டுரைய உங்கக்கா எழுதியிருக்கணும்" என்றார். என் அம்மாவோ அவள் சொல்லிக்கொடுத்தபடிதான் படுக்கை விரிப்பை மூலை மடித்துச் செருகுவாள். என்னிடம் யாரும் எதையும் கற்றுக்கொண்டதில்லை.

ஒரு நாள் அம்மா போனில் சொன்னாள்: "விஷயம் தெரியுமா? உங்கக்கா மேனேஜரு ஆவப்போறாடி. இன்னும் ஒரு மாசம்தானாம். கோட்டு மாட்டிகினு போவாளாம். பெரியம்மா தெருவுல ஒரு ஊடு பாக்கியில்லாம சொல்லிகினு கீறா."

அதே வாரம் ஆசிரியர் மூன்று ஹோட்டல்களின் பெயரைத் தந்து, ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார். அவளுடையதைத் தேர்ந்தெடுத்தேன். கடல் தெரியும், உணவகம் புதிது, வாசகர்களுக்குப் பயன்படும் என்று காரணங்கள் வைத்திருந்தேன். கணவர் பெயரில் முன்பதிவு செய்தேன். அன்றைக்கு வருபவர்களின் பட்டியலை முதல் நாளே அவள் பார்ப்பாள் என்பது என் நினைவுக்கு வரவில்லை. அவர் பெயரை அவள் பார்த்திருக்கிறாள். நான் வேலையாக வருகிறேன் என்று புரிந்துகொண்டு, என் பக்கமே வராமல் இருந்துவிட்டாள்.

அந்த அறையில் ஒன்றரை மணி நேரம் தேடினேன். அவள் சொன்ன எல்லா இடத்திலும் உட்கார்ந்தேன், படுத்தேன். குளியலறைக் குழாயின் பின்பக்கத்தை விரலால் துடைத்துப் பார்த்தேன். ஒரு கண்ணாடி டம்ளரின் அடியில் மெல்லிய உப்புத் தடம் இருந்தது. அவ்வளவுதான். வேலையில் அவளிடம் குறையே இல்லை என்பதை அங்குலம் அங்குலமாக நானே உறுதி செய்துகொண்டிருந்தேன். மிச்சம் இருந்தது போர்வை.

அதன் சிவப்புத் தையல் பெரியம்மா போட்டது. அக்காவின் விதியும் எனக்குத் தெரியும். "ரூமுக்குள்ள வெளி சாமான் ஒன்னு இருக்கக்கூடாது. ஹேர்பின்னு ஒன்னு கெடந்தாலும் போவுறது என் தலைதான்." தலையணைக்கு அடியில் பழைய ரசீது ஒன்றை விட்டுவிட்ட பணிப்பெண்ணை, அந்த மாடி முழுவதையும் மறுபடி சோதிக்க வைத்தவள் அவள். அப்படிப்பட்டவள், எனக்கு மூச்சு இளைக்கும் என்று, காலை ரயில் கூட்டத்தில் ஒரு பையில் அதைக் கொண்டுவந்து, தன் விதியைத் தானே மீறியிருந்தாள். அன்று இரவு அதைத்தான் போர்த்திக்கொண்டேன். நன்றாகத் தூங்கினேன்.

காலையில் எழுந்து கட்டுரையை எழுதினேன். அதில் இரண்டு வரி: "கட்டிலின் கால்மாட்டில் சாயம் போன பழைய போர்வை ஒன்று கிடந்தது. முன்பு தங்கியவர் விட்டுச் சென்றதாக இருக்கலாம்." செய்தி எழுதுபவர்கள் தெரியாத இடத்தில் 'இருக்கலாம்' என்று போடுவார்கள். எனக்குத் தெரிந்திருந்தது. வெளியாவதற்கு முன் நான்கு நாள் இருந்தது. ஒரு போன் செய்து அந்த வரிகளை எடுத்திருக்கலாம். அச்சுக்கு முன் மெய்ப்பு பார்க்க வந்தபோது ஓர் எழுத்துப் பிழையை மட்டும் திருத்தி அனுப்பினேன்.

கட்டுரை வெளியான மூன்றாவது வாரம் அம்மா மறுபடி போன் செய்தாள். "உங்கக்காவ கீழ துணி ரூமுக்கு மாத்திட்டாங்களாம். மேனேஜரு வேலைக்கு வேற யாரோ பொண்ணு வந்துட்டாளாம். இன்னாத்துக்குடின்னு கேட்டா, சிரிக்கிறா." போர்வை தன்னுடையது என்று அவள் நிர்வாகத்திடம் ஒப்புக்கொண்டதை, அங்கே வேலை செய்த வேறொருவரிடமிருந்து பிறகு தெரிந்துகொண்டேன். யாருக்காக வைத்தாள் என்று கேட்டதற்கு மட்டும் அவள் பதில் சொல்லவில்லையாம். சொல்லியிருந்தால், நான் தெரிந்தே பொய் எழுதியது வெளிவந்து என் வேலை போயிருக்கும்.

ஒரு காதுகுத்தில் பந்தியில் அக்கா என் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். இலையில் தண்ணீர் தெளித்தபடி, "படிச்சேன்டி. டம்ளரப் பத்தி எழுதுனது கரெக்ட்டு, அது எங்க தப்புதான்" என்றாள். நான் அப்பளத்தை உடைத்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "அன்னிக்கு நைட்டு தூங்குனியா?" என்று கேட்டாள். தூங்கினேன் என்றேன். "அது போதும்" என்று சொல்லிவிட்டு, பரிமாறுபவரைக் கூப்பிட்டு எனக்கு இன்னொரு கரண்டி பாயசம் போடச் சொன்னாள். அந்தப் பெருந்தன்மைக்கும் சேர்த்து அவள் மேல் பொறாமைப்பட்டேன்.

துணி அறையில் இரண்டு ஆண்டுகள் இருந்துவிட்டு, அவள் வேறொரு ஹோட்டலுக்கு மாறினாள். இப்போது அங்கே அறைப் பராமரிப்புப் பிரிவுக்கே தலைவி. கோட்டு போடுகிறாள். நான் ஹோட்டல்களைப் பற்றி எழுதுவதை நிறுத்திப் பல ஆண்டுகளாகின்றன. சென்ற மாதம் மகளின் நிச்சயதார்த்தத்துக்கு இடம் தேட வேண்டியிருந்தது. நான்கு ஹோட்டல்களைப் பார்த்தேன். அவளுடையதைவிடச் சிறந்ததாக ஒன்றாவது இருக்காதா என்று தேடினேன். இல்லை. அங்கேயே மண்டபமும் இரண்டு அறைகளும் எடுத்தோம். இந்த முறை என் பெயரிலேயே பதிவு செய்தேன்.

அவளே அறைவரை வந்தாள். பின்னால் இரண்டு பணிப்பெண்கள் நின்றார்கள். கதவைத் திறந்துவிட்டு, "வேற எதாவது தேவைப்படுதா மேடம்?" என்று கேட்டாள். என்னை அவள் அப்படி அழைத்தது அதுவே முதல் முறை. எதுவும் வேண்டாம் என்றேன். புன்னகைத்து, கதவைச் சத்தம் இல்லாமல் சாத்திவிட்டுப் போனாள்.

நாற்காலியில் உட்கார்ந்தேன். கட்டிலின் இரு பக்கமும் உட்கார்ந்தேன். மல்லாந்து படுத்துக் கூரையைப் பார்த்தேன். டம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தேன். ஒரு தடம்கூட இல்லை.

கட்டிலின் மேல் ஹோட்டலின் கனமான வெள்ளைப் போர்வை மட்டும் இருந்தது.